காதர் பாயின் ஒட்டகச்சிவிங்கியும் என் மூடின கையும்

முகநூலில் நான் போட்ட நான்கு யானைப் படங்களைப் பார்த்துவிட்டு, தென்னாப்பிரிக்க வனவிலங்குப் புகைப்படப் பயணத்துக்கு எவ்வளவு செலவு, எந்த மாதம் போகலாம், எந்த லென்ஸ் என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போய் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணம் இல்லை. அந்தப் பயணத்தில் என் கையாலேயே ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தேன். அதை மறைத்துவிட்டு விமானக் கட்டணம் மட்டும் சொன்னால் பாதிப் பொய் சொன்ன மாதிரி. ஆகவே இரண்டையும் சொல்கிறேன். குஷியான கட்டுரை வேண்டும் என்றால் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, அங்கே போய்க்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் ஏழுமலை. திருவொற்றியூர். துறைமுகத்தில் சிக்னல்மேன் வேலை. கிரேன் ஆபரேட்டர் மேலே கேபினில் உட்கார்ந்திருப்பார். கப்பலின் கிடங்குக்குள் அடியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் தளத்து ஓரத்தில் நின்று, கீழே பார்த்து, அவருக்குக் கையால் சொல்ல வேண்டும். ஏற்று, இறக்கு, இடது, வலது, மெதுவாக. வாய்க்கு அங்கே வேலை கிடையாது. இன்ஜின் இரைச்சலில் எவன் கத்தினாலும் எவனுக்கும் கேட்காது. கேட்டாலும் யார் கத்தினார் என்று தெரியாது. அதனால் புதிதாக வருகிறவருக்கு முதல் பாடமே, சத்தத்தை நம்பாதே, சிக்னல்மேன் கையை மட்டும் நம்பு என்பதுதான். கையை மேலே தூக்கி மூடிக் காட்டினால் நிறுத்து என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் ஆபரேட்டர் யோசிக்கக் கூடாது. லீவரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இருபத்திரண்டு வருஷம் என் கையைப் பார்த்து கிரேன் ஓட்டியவர் காதர் பாய். ராயபுரத்துக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒரு நாள் இரும்புக் குழாய்க் கட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது, கட்டியிருந்த கம்பி வடம் ஒரு பக்கம் வழுக்கியது. நான் அதற்கு நேர் கீழே நின்றிருந்தேன், என் தப்புதான். ஓட நேரம் இல்லை. கை மட்டும் மேலே போய் மூடியது. கட்டு என் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்று ஆடியது. மேலே அண்ணாந்து பார்த்தால் கேபின் கண்ணாடிக்குள் காதர் பாய் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. அன்றைக்கு அவர் அரை நொடி யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இல்லை.

அந்த மனிதருக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்தது. வருடாந்திரப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். ஓரப் பார்வை முழுக்கப் போய்விட்டது. நடுவில் மட்டும், டீ கிளாஸை வாய்ப்பக்கம் கண்ணில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு. கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம், எத்தனை மாதம் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

வீட்டில் முடங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் பழைய கேமரா ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "நைனா, ரோட்டுல போறச்சே ஆளு தெரில, மாடு தெரில. இந்த ஓட்டையில கண்ண வெச்சா மட்டும் எல்லாம் முழுசா கீதுபா" என்றார். உண்மைதான். கேமராவின் சின்னக் கண்ணாடிச் சதுரம் அவருக்கு மிச்சம் இருந்த வட்டத்துக்குள் அப்படியே அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவோம். ஒரு பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பல், ஒரு பக்கம் குழாய், நடுவில் பூநாரைகள். அவருக்குக் கண்ணாடிக்குள் வந்தால் தெரியும், ஆனால் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வராது. நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தில் கையை நீட்டி, இடது, இன்னும் இடது, கொஞ்சம் இறக்கு என்று காட்டுவேன். பழைய வேலைதான். கிரேன் மட்டும் இல்லை.

ஆப்பிரிக்கா ஆசை அவருடையது. சிங்கம், சிறுத்தை எதுவும் அவர் கேட்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடியைப் படம் எடுக்க வேண்டும். எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். நாலு காலில் முன்னங்கால் இரண்டையும் அகட்டி, அவ்வளவு பெரிய கழுத்தைத் தரைவரை இறக்கி, குடித்து முடித்து விருட்டென்று தூக்கும்போது, வாயிலிருந்து தண்ணீர் வில்லாக வளைந்து பறக்கும். "இருவத்தி ரெண்டு வருசம் நான் கிரேனோட நீட்டு பூம எறக்கி ஏத்துனேன். எவனாச்சும் எனுக்கு ஒரு போட்டோ எடுத்தானா? அது எறக்கி ஏத்தறத நான் எடுக்கறேன். அத்த எடுத்துட்டா அப்பாலிக்கு கண்ணு போனா போவுது" என்றார். போனா போவுது என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

சரி, செலவு. பெங்களூருவில் இருந்து கூட்டிப் போகும் ஒரு குழுவில் சேர்ந்தோம். ஐந்து இரவு தங்கல், சாப்பாடு, பத்து காட்டுச் சவாரி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,70,000 ரூபாய். சென்னையிலிருந்து துபாய் வழியாக ஜோஹானஸ்பர்க் போய்வர விமானம் 64,500. அங்கிருந்து காட்டுக்குப் போய்வர வேனில் பங்கு 9,000. வழிகாட்டிக்கும் தடம் பார்ப்பவருக்கும் அன்பளிப்பு 8,000. விசா சேவை, காப்பீடு, குளிருக்கு உடுப்பு எல்லாம் 8,500. ஆக மொத்தம் 3,60,000. அவர் வேலையிலிருந்து விலகியபோது வந்த பணத்தில் போட்டார், நான் சீட்டு எடுத்தேன். பைத்தியக்காரத்தனம் என்று என் வீட்டம்மா சொன்னாள். மறுக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினோம். அங்கே அது வறண்ட காலம், குட்டைகள் வற்றி, மிச்சம் இருக்கும் தண்ணீருக்கு எல்லா மிருகமும் வந்தே ஆக வேண்டும். காலை ஐந்து மணிக்குத் திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினேன். வண்ணாரப்பேட்டையில் இறங்கி, மகனோடு நின்ற காதர் பாயைக் கூட்டிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினோம். விமான நிலையம் வரை ஐம்பது ரூபாய். 9.50க்கு விமானம். துபாயில் மாறி, இரவு ஜோஹானஸ்பர்க். மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன், 460 கிலோமீட்டர், நடுவில் நாஸ்டாவுக்கு நிறுத்தி ஆறரை மணி நேரம். சாலை நம் சாலை மாதிரி இல்லை, பாய் அசந்து தூங்கிவிட்டார்.

நாங்கள் தங்கியது க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு தனியார் காடு. கூரையில்லாத எங்கள் திறந்த வண்டியில் பயணிகள் மூன்று பேர். முன் வரிசையில் நான், எனக்குப் பின்னால் சற்று உயரமான வரிசையில் காதர் பாய், அதற்கும் பின்னால் ஹைதராபாத் பல் டாக்டர் ஒருவர். ஆளுக்கு ஒரு வரிசை. வண்டி ஓட்டி வழிகாட்டுகிறவர் பெயர் ருலானி, முப்பது வயது இருக்கும், நிதானமான பையன். வண்டியின் மூக்கில் ஒரு தனி நாற்காலி, அதில் சாலமன். வயசாளி. தரையில் காலடித் தடம் பார்த்து, ருலானிக்குக் கையால் சைகை காட்டுவார். வாயைத் திறக்க மாட்டார். முதல் நாளே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து நம்ம வேலை செய்கிற ஆளைப் பார்த்தால் பிடிக்காதா?

கிளம்பும் முன் ருலானி ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டியில் எழுந்து நிற்காதீர்கள். மிருகங்களுக்கு வண்டியும் நாமும் சேர்ந்து ஒரே உருவம், பழகிப்போன உருவம். அதிலிருந்து ஒரு துண்டு தனியாக எழுந்தால் அது மனிதன். உடனே ஓடும், இல்லாவிட்டால் மேலே பாயும். என் துறைமுக இங்கிலீஷுக்கே அது தெளிவாகப் புரிந்தது. பாய்க்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். "குந்திகினே இருக்கணும், அவ்ளோதானே? கேபின்ல வேற இன்னா பண்ணேன்?" என்றார்.

அந்த முதல் சவாரியிலேயே ஒன்று நடந்தது. சாலமன் சட்டென்று கையைத் தூக்கி மூடினார். அங்கேயும் அதுதான் நிறுத்து. ருலானி பிரேக் போட்டார். நான் திரும்பிப் பார்த்தால் காதர் பாய் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கேமரா மடியில் கிடக்கிறது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று பல் டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னதும் அவரும் சிரித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரமண்டை, உறைக்கவில்லை.

அடுத்த நான்கு நாட்களும் ஒரே மாதிரி. காலை 5.45க்கு முதல் சவாரி, குளிர் எட்டு டிகிரி, மூக்கு உறையும். பத்து மணிக்குத் திரும்பிச் சாப்பாடு. மாலை 3.30க்கு இரண்டாவது. யானை பார்த்தோம், சிங்கம் பார்த்தோம், மரத்தின் மேல் தொங்கிய சிறுத்தையின் வாலைப் பார்த்தோம், பல் டாக்டர் அதற்கே புளகாங்கிதம் அடைந்தார். ஒட்டகச்சிவிங்கிக்குப் பஞ்சமே இல்லை, எங்கே திரும்பினாலும் தலை. ஆனால் எதுவும் தண்ணீர் குடிக்கவில்லை. இலையிலேயே ஈரம் இருப்பதால் நாள்கணக்கில் குடிக்காமல் இருக்கும் என்றார் ருலானி. குடிக்கக் குனிகிற நேரம்தான் அதற்கு ஆபத்தான நேரம், சிங்கம் வந்தால் சட்டென்று எழ முடியாது. அதனால் குட்டைக்கு வந்தாலும் அரை மணி நேரம் நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கும். சின்ன அசைவு பட்டாலும் குடிக்காமல் திரும்பிப் போய்விடும்.

மூன்றாம் நாள் ஒன்று வந்து நாற்பது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. நான்காம் நாள் ஒன்றும் வரவில்லை. பாய் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மறுபடி கண்ணாடியில் கண்ணை வைப்பார். அவருக்குத் தலைவலி என்று எனக்குத் தெரியும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். மதியம் தொழ வேண்டும் என்று திசை கேட்டார். ருலானி வடக்கைக் காட்டினார். "ஊர்ல கடலுக்கு முதுகக் காட்டிகினு தொழுவேன். இங்க எல்லாமே மாறிப் போச்சு நைனா" என்று சிரித்தார். தொழுகை முடிந்து எழுந்தவர் கையால் துழாவி என் தோளைப் பிடித்துக்கொண்டார். வட்டம் இன்னும் சின்னதாகிவிட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசிக் காலை. பதினொன்றரைக்கு ஊர் திரும்ப வேன் வந்துவிடும். முந்தின இரவுதான் பாயின் ஆசையை ருலானியிடம் சொல்லியிருந்தேன், அவர் வேறு எங்கும் சுற்றாமல் நேராகக் குட்டைக்கு ஓட்டினார். பல் டாக்டரிடம் அனுமதி கேட்டார், அவரும் பெருந்தன்மையாகச் சரி என்றார். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் காத்திருந்தோம். கேமராவுக்கு அடியில் வைக்க அங்கே அரிசி நிரப்பிய துணிப்பை கொடுப்பார்கள். பாய் அதைத் தட்டித் தட்டிச் சரி செய்தார். "அரிசிய துன்னாம இதுக்கு வெச்சிகினு கீறானுங்க" என்று முணுமுணுத்தார். ஐந்து நாளும் இதையே சொன்னார்.

9.15க்கு மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் வந்தன. பெரியது ஒன்று, ஆண், கழுத்துத் திட்டுகள் கறுத்துப்போனது. குட்டை ஓரத்தில் நின்றது. பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. நான் மூச்சை அடக்கி, பாயின் லென்ஸ் ஓரத்தில் கையை நீட்டிக் காட்டினேன். இடது. கொஞ்சம் மேலே. அங்கேயே. பின்னாலிருந்து மெல்ல, "வந்துட்ச்சு. புட்ச்சிகினேன். இனிமே நீ கைய எட்து" என்றார். கையை எடுத்துவிட்டேன். என் வேலை அங்கே முடிந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

9.40க்கு அது முன்னங்காலை அகட்ட ஆரம்பித்தது. ஒரே அடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக, குதித்துக் குதித்து. கழுத்து இறங்கியது. நான் என்னை அறியாமல் மடியில் கட்டை விரலைக் கீழே காட்டிக்கொண்டிருந்தேன். இறக்கு, இறக்கு, மெதுவாக. வாய் தண்ணீரைத் தொட்டது. குடித்தது. தொண்டையில் தண்ணீர் ஏறுவது தோலுக்கு வெளியே தெரிந்தது. பாய் இன்னும் அழுத்தவில்லை, தலை தூக்கும் நொடிக்குக் காத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான், அவசரப்பட்டு ஒரு நாளும் லீவரைத் தொட்டதில்லை.

அப்போது அதன் வலது முன்னங்கால் சேற்றில் வெளிப்பக்கமாக வழுக்கியது. ஒரு முழம். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை, ஒரு பக்கம் வழுக்குகிறது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். எழுந்து நின்றுவிட்டேன். என் கை மேலே போய் மூடிக்கொண்டது.

ஒட்டகச்சிவிங்கி விருட்டென்று தலையைத் தூக்கியது. தண்ணீர் அதன் வாயிலிருந்து வில்லாக எழுந்து, காலை வெயிலில் ஒரு நொடி அப்படியே வளைந்து நின்றது. அவர் மூன்றரை லட்சம் போட்டு, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, கண்டம் தாண்டி வந்தது அந்த வளைவுக்காக. அதை நான் பார்த்தேன். நின்றுகொண்டு, என் இரண்டு வெறும் கண்ணால், முழுசாகப் பார்த்தேன். பிறகு மூன்றும் காடு அதிர ஓடின.

திரும்பினேன். காதர் பாய் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கியிருந்தார். கேமரா துணிப்பையிலிருந்து சரிந்து கிடந்தது. முகம் வெளுத்திருந்தது.

"இன்னா ஆச்சு ஏழுமல? லோடு வுட்ருச்சா? ஆளு யாருனா கீழ கீறானா?"

அவர் கையை இறக்கவில்லை. நான் சொல்லாமல் அவர் இறக்க மாட்டார். கடைசியில் அவருடைய கையைப் பிடித்து நானே இறக்கினேன்.

"ஒண்ணியும் ஆவல பாய். கால் வழுக்குச்சு. நான் ஸ்டாப் காட்டிட்டேன்."

கேமராவைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பேமானி, கஸ்மாலம், எது சொல்லியிருந்தாலும் தேவலாம். "நீ காட்டினா நான் வுட்ருவேனே நைனா. தெரிஞ்சிகினே ஏம்ப்பா காட்டினே" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

ருலானி மெதுவாக விளக்கினார். அது வழுக்கவில்லையாம். குனிந்தபடியே இன்னும் கொஞ்சம் அகட்டிக்கொண்டதாம். எப்போதும் அப்படித்தான் செய்யும், விழவே விழாதாம். சாலமன் மட்டும் நாற்காலியில் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். பதினோரு மணிவரை காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள், இங்கே எட்டியதைத் தட்டிவிட்டதும் என் கைதான்.

பல் டாக்டரிடம் அது குனிந்து குடிக்கும் படம் நன்றாக விழுந்திருந்தது. தலை தூக்கியது இல்லை, அவரையும் நான் மறைத்துவிட்டேன். இருப்பதை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பாயிடம் கொடுக்க வந்தார், நல்ல மனுஷன். பாய் கும்பிட்டு மறுத்துவிட்டார். "அவுரு கண்ணு பாத்தத நான் வூட்ல மாட்டி வெச்சிகினு இன்னா பண்றது?" என்று என்னிடம் சொன்னார். பாயின் கேமராவில் அந்த நேரத்தில் ஒரே ஒரு படம் பதிவாகியிருந்தது, கையை எடுக்கும்போது விரல் பட்டிருக்க வேண்டும். முழுக்க என் மூடின கை, கலங்கலாக, பெரிதாக. விரல் முட்டிக்கு மேலே பழுப்பாக ஏதோ கொஞ்சம். அது ஒட்டகச்சிவிங்கியாக இருக்கலாம், புல்லாகவும் இருக்கலாம். அழித்துவிடு என்று கெஞ்சினேன். அவர் அழிக்கவில்லை.

இனி போகிறவர்களுக்கு. ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல மாதங்கள், காலைக் குளிருக்கு அடுக்கடுக்காக உடுத்துங்கள், வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் மலேரியா உண்டு, கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்குங்கள். 100-400 லென்ஸ் போதும், அதைவிடப் பெரியதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஹலால் சாப்பாடு வேண்டும் என்றால் பணம் கட்டும்போதே எழுத்தில் சொல்லுங்கள், எங்களுக்குச் சரியாகச் செய்து கொடுத்தார்கள். உங்களுக்கு ஒரு மிருகம்தான் முக்கியம் என்றால் முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், கடைசி நாள்வரை வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். பார்வை குறைந்தவரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் தனி வண்டி கேளுங்கள், செலவு கூடும், பரவாயில்லை. அவரைப் பின்னால் உட்காரவைக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துத் தொட்டுச் சொல்லுங்கள். எழுந்து நிற்காதீர்கள். என்ன ஆனாலும், எது விழுந்தாலும், தயவுசெய்து எழுந்து நிற்காதீர்கள். மறுபடி போகலாமே என்று சிலர் ஆறுதல் சொல்வீர்கள். திரும்பி வந்த நாலாம் மாதம் பாய்க்கு அந்த வட்டமும் மூடிவிட்டது. கேமரா பெட்டிக்குள் இருக்கிறது. எண்ணூருக்கு நாங்கள் போவதில்லை.

போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். டீ குடிக்கலாம் என்று இருவரும் கிளம்பினோம். காலை பதினோரு மணி, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் சாலை. நான் கடையில் சில்லறை வாங்க ஒரு நிமிடம் நின்றேன். அவருக்கு அந்தத் தெரு மனப்பாடம், கோலைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். யார்டு வாசலிலிருந்து ஒரு டிரெய்லர் பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. நேராக அவரை நோக்கி.

என் கை மேலே போய் மூடிக்கொண்டது.

அவர் நடந்துகொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, என் மூடின கைக்கு நிற்காமல் நடந்தார். எனக்குக் கத்த வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, கை மட்டும் மேலே நின்றது. கிளீனர் பார்த்துவிட்டு வண்டியின் பக்கவாட்டை அடித்தான். டிரெய்லர் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டான்.

"யோவ், வாய்ல இன்னா கொழுக்கட்டையா? ஆளு போய்கினே கீறாரு, நீ கையத் தூக்கிகினு நிக்கிற!"

பாய் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஏழுமல, கை காட்னியா?"

"காட்டினேன் பாய்."

"இன்னா காட்னே?"

"ஸ்டாப்."

நடுரோட்டில் நின்றபடி, காதர் பாய் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினார். கோல் கீழே விழுந்து டிரெய்லருக்கு அடியில் உருண்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் போய்க் கையைப் பிடித்து இறக்கும்வரை அவர் அப்படியே நின்றார்.